படைத்தார் என்ற ஒரு சொல்

ஜூலை 3, புதன்

மோட்டாரில் காற்று பிடித்துக்கொண்டது. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பர் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மகள் பெர்சிஸை ஏழாம் மாதத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்து இன்றோடு பத்து நாள். மருமகன் மஸ்கட்டில் இருக்கிறார், பிரசவத்துக்கு வருவார். இன்று திருநெல்வேலியில் ஸ்கேன். அவள் அம்மா வயலட் கூடப் போனாள். எனக்குப் பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்த வேண்டியிருந்ததால் நான் போகவில்லை. குழந்தை புரண்டுகொண்டே இருந்ததாம். இன்னொரு தடவை எடுக்க வேண்டுமாம்.

நான்கு மணிக்குத் தாளாளர் பொன்னையா அழைத்து ஒரு கடிதத்தை நீட்டினார். எங்கள் சபை மூப்பர் தவமணி எழுதியது. அவருடைய மகள் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். விலங்கியல் ஆசிரியை ஹெப்சிபா பரிணாமப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "அப்போ ஆதாம் ஏவாள் பொய்யா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். "பொய் இல்ல. ஆனா வேதம் நமக்குத் தேதி சொல்லிக் குடுக்க எழுதின புஸ்தகம் இல்ல" என்று ஹெப்சிபா சொல்லியிருக்கிறார். படைப்பை மறுக்கும் ஒருவர் சபை நடத்தும் பள்ளியில் இருக்கலாமா என்பது மூப்பரின் கேள்வி.

"பாடத்த நடத்தாதன்னு நாம சொல்ல முடியாது, அது அரசாங்கப் பாடம்" என்றார் தாளாளர். "ஆனா நம்ம வாத்தியாருங்க படைப்ப நம்பணும். அந்தப் பொண்ணுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. நம்புதாளா இல்லியா, அத மட்டும் விசாரிச்சு எழுதிக் குடுங்க நாயகம். பாஸ்டரும் இன்ஜினியர் துரைராஜும் உங்ககூட இருப்பாங்க. எழுதுதது நீங்க."

"சரிங்க ஐயா."

"மே மாசம் ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆகுதாரு. தெரியும்லா?"

உதவித் தலைமை ஆசிரியராகப் பதினொரு வருஷம் இருப்பவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரியும் என்றேன்.

இரவு சாப்பிட்டதும் ஒரு தாளின் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் படைப்பு, வலப்பக்கம் பரிணாமம். இரண்டே கட்டம். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

ஜூலை 4, வியாழன்

பிளம்பர் வரவில்லை.

ஜூலை 8, திங்கள்

மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் ஹெப்சிபாவைப் பார்த்தேன். இருபத்தொன்பது வயது. கணவர் கோவில்பட்டியில் வங்கி ஊழியர். மூன்று வயதுக் குழந்தையைக் காலையில் பால்வாடியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வருகிறார். கரப்பான்பூச்சிப் படங்களைச் சுவரிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளைக் கேட்டேன்.

"கடவுள் உயிர்களப் படைத்தார்னு நம்புதீங்களா டீச்சர்?"

"நம்புதேன் சார்."

இடது கட்டத்தில் குறித்தேன்.

"பரிணாமம் நடந்துச்சுன்னு நினைக்கீங்களா?"

"நடந்துச்சு சார். இப்பவும் நடக்கு."

பேனாவை வலது கட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். "ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க."

"சார், உளுந்த மாவு ராத்திரியில தானாத்தான் புளிக்குது. அது எப்படிப் புளிக்குதுன்னு பிள்ளைங்களுக்கு நானே பாடம் நடத்துதேன். அதுக்காக இட்லிய எங்க அம்மா செய்யலன்னு ஆயிருமா?"

நான் சிரிக்கவில்லை, விசாரணை அல்லவா. ஆனால் தாளில் இடமில்லாததால் கோட்டின் மேலேயே அவருடைய பெயரை எழுதினேன்.

ஜூலை 13, சனி

தவமணி அண்ணாச்சியின் பெயிண்ட் கடை. எனக்கு ஒரு நாற்காலி போட்டு, மோர் வரவழைத்தார். நல்ல மனிதர். போன வருஷ வெள்ளத்தில் கடையை மூடிவிட்டு ஆட்களை மீட்க மூன்று நாள் படகில் போனவர்.

"ஆறு நாள். ஒவ்வொரு நாளும் இருவத்தி நாலு மணி நேரம். சாயங்காலம் ஆச்சு, விடியக்காலம் ஆச்சுன்னு போட்டிருக்குலா, அப்புறம் என்ன? வம்ச வரிசையக் கூட்டிப் பாருங்க சார், பூமிக்கு ஆறாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. அம்புட்டுத்தான்."

"இந்தப் பாறை, எலும்பு எல்லாம்?"

"வெள்ளம் வந்துச்சுலா, நோவா காலத்துல."

"நம்ம பாஸ்டரும் இப்படித்தான் சொல்லுதாரா?"

"வேற எப்படிச் சொல்லுவாரு? நாங்க எல்லாரும் ஒண்ணுதான் சார். அந்த டீச்சர்தான் வேற."

கிளம்பும்போது, பேச்சுவாக்கில், குறையோடு பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஆதியில் எல்லாம் குறையில்லாமல்தான் இருந்தது, மனுஷனுடைய பாவத்தால்தான் இந்தக் கேடெல்லாம் உள்ளே வந்தது என்றார். யாருடைய பாவம் என்று கேட்டேன். "பொதுவாச் சொல்லுதேன் சார்" என்றார். அந்தக் கேள்வி என் பட்டியலில் இல்லை. எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

இரண்டாவது ஸ்கேன். வயலட் வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குப் போய்விட்டாள். ரசம் மட்டும் வைத்தாள். இதயத்தில் ஏதோ என்றாள். அப்புறம் பேசலாம் என்றேன். நாற்பத்திரண்டு விடைத்தாள் இருந்தன. எல்லாவற்றையும் திருத்தி முடித்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

அவற்றில் பதினாறு தாள்களைத் தப்பாகத் திருத்தியிருக்கிறேன். மறுபடி திருத்தினேன்.

ஜூலை 18, வியாழன்

விவரத்தை எழுதி வைப்பது நல்லது. குழந்தையின் இதயத்தில் கீழே உள்ள இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரில் ஓட்டை. சின்னதாக இருந்தால் தானாக மூடிக்கொள்ளும், இது சின்னதில்லை. பிறந்த பிறகு நான்கைந்து மாதத்தில் ஆபரேஷன் தேவைப்படலாம். மதுரையில் செய்கிறார்கள். பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்று டாக்டர் சொன்னாராம்.

பெர்சிஸ் அறையை விட்டு வரவில்லை. அவள் அறையில் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது. கழற்றி எண்ணெய் போட்டேன்.

ஜூலை 20, சனி

பாஸ்டர் எட்வின் வீட்டுக்குப் போனேன். விசாரணைக் குழுவில் அவரும் ஒருவர்தான் என்றாலும், அவருடைய கருத்தையும் எழுதி வைத்தால் அறிக்கைக்கு அளவுகோல் கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், உங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு. வேதத்துல நாள்னா நம்ம நாள் இல்ல. ஒவ்வொரு நாளும் ஒரு பெரிய காலம். பூமிக்கு நானூத்தம்பது கோடி வருஷம்னு சொன்னா எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"அப்ப ஹெப்சிபா டீச்சர் சொல்லுததுதான்?"

"ஐயோ, இல்ல. பூமி பழசு, அம்புட்டுத்தான். குரங்கு குரங்குதான், மனுஷன் மனுஷன்தான். ஒண்ணுல இருந்து ஒண்ணு வரல. அந்தந்தக் காலத்துல ஒவ்வொண்ணையும் தனித்தனியா உண்டாக்கினாரு."

"இத மூப்பர்ட்ட சொல்லியிருக்கீங்களா?"

"பதினெட்டு வருஷமா அவர் இங்க மூப்பர் சார். நான் வந்து ரெண்டு வருஷம்."

எழுந்திருக்கும்போது, ஒரு பேச்சுக்காக, பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். அதைத் தனியாக உண்டாக்கியவர் ஓட்டையோடுதான் உண்டாக்கினாரா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"யாரு வீட்டுல சார்?"

"பேச்சுக்குத்தான் கேட்டேன்."

"எனக்குத் தெரியல சார். நான் வந்து ஜெபிக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து புதுத்தாளில் மூன்று கட்டம் போட்டேன்.

ஜூலை 27, சனி

துரைராஜ் அனல்மின் நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் டர்பைன் பார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டுச் சுவரில் வேத வசனம் இல்லை, டர்பைனின் குறுக்குவெட்டுப் படம் தொங்குகிறது. நுண்ணுயிர் ஒன்றின் வாலைக் கணினியில் காட்டினார். அது சுழல்கிறது, அடியில் மோட்டார் போலவே ஓர் அமைப்பு.

"இதுல ஒரு பாகத்த எடுத்துட்டா ஓடாது. கொஞ்சம் கொஞ்சமா வந்திருந்தா பாதி மோட்டாரை வச்சு அது என்ன செஞ்சிருக்கும்? வடிவமைப்பு இருக்கு. வடிவமைப்பு இருந்தா அதுக்குப் பின்னால ஓர் அறிவு இருக்கு."

"கடவுள்னு எழுதிக்கிடட்டுமா?"

"எழுதாண்டாம். அறிவுன்னு எழுதுங்க. இது அறிவியல்னு நான் வாதாடுதேன். அது யாருன்னு ஞாயித்துக்கிழமை கோயில்ல சொல்லுவேன், திங்கக்கிழமை சொல்ல மாட்டேன்."

"பூமிக்கு வயசு?"

"எம்புட்டா இருந்தா என்ன?"

"குரங்கும் மனுஷனும் சொந்தமா?"

"இருக்கலாம். அதுல எனக்குச் சண்டை இல்ல. தானா, குருட்டாம்போக்குல வந்துச்சுன்னு மட்டும் சொல்லக் கூடாது."

இதயத்தைப் பற்றியும் கேட்டேன். அவ்வளவு துல்லியமாக வடிவமைக்கிற அறிவு ஒரு சுவரைப் பாதியில் எப்படி விட்டது என்று கேட்டேன். துரைராஜ் மழுப்பவில்லை.

"என் கொள்கை வடிவமைப்பு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும் சார். வடிவமைச்சவர் நல்லவரா, இப்ப பக்கத்துல இருக்காரா, உங்க கஷ்டம் அவருக்குத் தெரியுமான்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. அது பாஸ்டர் டிபார்ட்மெண்ட்."

பாஸ்டர் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார் என்பதை நான் சொல்லவில்லை.

நான்காவது கட்டம்.

ஜூலை 28, ஞாயிறு

கோயிலில் எல்லாரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னோம். வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்று வரும்போது சுற்றிப் பார்த்தேன். தவமணி அண்ணாச்சி கண்ணை மூடியிருந்தார். துரைராஜ் நிமிர்ந்து நின்றார். ஹெப்சிபா குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். பாஸ்டர் முன்னே நின்று சொல்லிக் கொடுத்தார். சொன்னது ஒரே சொல்தான்.

என் மகள் வரவில்லை. கால் வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அறிக்கையில் ஒரு சந்தேகம் இருந்தது. துரைராஜ் சொல்வதும் ஹெப்சிபா சொல்வதும் ஒன்றுதானோ என்று. இரண்டு பேரும் பூமி பழசு என்கிறார்கள், இரண்டு பேருக்கும் குரங்கு பிரச்சினை இல்லை. பள்ளி விட்டதும் கேட்டேன்.

"இல்ல சார், ரொம்ப வேற" என்றார் ஹெப்சிபா. "இந்த வால் தானா வர முடியாது, அதனால இங்க ஒரு அறிவோட கை பட்டிருக்குன்னு இன்ஜினியர் சார் விரல் வச்சுக் காட்டுதாரு. அப்ப மத்த எடத்துல அந்தக் கை இல்லியா? நாளைக்கே அந்த வால் எப்படி வந்துச்சுன்னு யாராவது கண்டுபிடிச்சிட்டா கடவுள் அங்கயிருந்தும் கிளம்பிரணுமா? என்னால அப்படி ஒரு எடத்தக் காட்ட முடியாது சார். முழுசும் அவருதுதான். ஆனா அது என் விசுவாசம். அத வகுப்புல அறிவியல்னு நான் சொல்ல மாட்டேன்."

இந்த வித்தியாசத்தை எழுதிக்கொண்டேன். பிறகு அந்த இன்னொரு கேள்வியையும் கேட்டேன். ஹெப்சிபா ஒரு பழைய விடைத்தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார்.

"இதயம் முதல்ல ஒரு குழாய் மாதிரிதான் சார் இருக்கும். அது வளைஞ்சு, மடங்கி, அறை அறையாப் பிரியும். இந்த நடுச்சுவர் கீழயிருந்து மேல வளரும். மேலயிருந்து இன்னொரு பகுதி கீழ எறங்கி வரும். ரெண்டும் எட்டாவது வாரம் போல சந்திக்கணும். சில சமயம் சந்திக்காம நின்னுரும். ஆயிரம் பிள்ளைகள்ல ஏழெட்டுப் பேருக்கு இதயத்துல ஏதாவது ஒரு குறை இருக்கும். அம்மா எதையோ சாப்பிட்டதாலன்னோ, யாரோ செஞ்ச பாவத்தாலன்னோ இல்ல சார்."

"அப்ப ஏன்?"

"ஏன்னு எனக்குத் தெரியாது சார். எப்படின்னுதான் தெரியும்."

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அறிக்கைக்குத் தேவைப்படலாம்.

ஆகஸ்ட் 3, சனி

படத்தை வயலட்டிடம் காட்டி விளக்கினேன். யாருடைய தப்பும் இல்லை என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். மூன்று வாரமாகப் பப்பாளியை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெர்சிஸ் உண்டான புதிதில், இன்னும் யாருக்கும் சொல்லாத நாளில், சென்னையிலிருந்து வந்தவளுக்கு இவள்தான் அறுத்துக் கொடுத்தாளாம்.

நானும் அதே மூன்று வாரம் இதே வீட்டில்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தாளாளர் ஓர் அறிக்கையைத் தட்டச்சு செய்தே அனுப்பிவிட்டார். "மேற்படி ஆசிரியை படைப்பை மறுப்பது தெளிவாகிறது." கீழே மூன்று பேருக்கும் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினேன். இருபத்தி நான்காம் தேதி குழு கூடட்டும் என்று சொல்லியனுப்பினேன்.

ஆகஸ்ட் 24, சனி

தாளாளர் அறை. டீயும் உளுந்தவடையும் வந்தன. மனு கொடுத்தவர் என்ற முறையில் தவமணி அண்ணாச்சியும், கேட்கப்படுபவர் என்ற முறையில் ஹெப்சிபாவும் இருந்தார்கள்.

நான் எழுதிக் கொண்டுபோனதை வாசித்தேன். படைத்தார் என்று நம்புகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே நம்பவில்லை என்று ஆரம்பித்தேன். ஆறு நாளில், ஆறாயிரம் வருஷத்துக்கு முன் என்று நம்புகிறவர் தவமணி. கோடிக்கணக்கான வருஷத்தில், ஆனால் இனம் இனமாகத் தனித்தனியாகப் படைத்தார் என்று நம்புகிறவர் பாஸ்டர். வருஷமும் சொல்லாமல், பெயரும் சொல்லாமல், ஓர் அறிவு வடிவமைத்ததற்கு அறிவியலிலேயே அடையாளம் இருக்கிறது என்று சொல்கிறவர் துரைராஜ். பரிணாமமே அவர் படைத்த விதம், ஆனால் அதை ஆய்வகத்தில் நிரூபிக்க முடியாது என்று நம்புகிறவர் ஹெப்சிபா. மூப்பரின் அளவுகோலை வைத்தால் ஹெப்சிபா மட்டும் தோற்கவில்லை, குழுவில் இருவர் தோற்கிறார்கள்.

தவமணி அண்ணாச்சி வடையைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஐயா, நீங்க ஆறு நாள நம்பலியா?"

பாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "நம்புதேன் மூப்பரே. நாள்னா என்னங்கதுலதான்..."

"நாள்னா நாள்தான். ரெண்டு வருஷமா உங்க கையிலயா நற்கருணை வாங்கினேன்?"

"நாள் கணக்கே இங்க தேவையில்ல" என்றார் துரைராஜ்.

"நீங்க பேசாதீங்க. கடவுள் பேரையே சொல்லாம ஒரு படைப்பு வச்சிருக்கீங்க. அதுக்கு இந்த டீச்சரே தேவலை, அவங்களாவது அவரு பேரச் சொல்லுதாங்க!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. ஹெப்சிபா தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கினாரோ அழுகையையோ, தெரியவில்லை.

தாளாளர் மேசையைத் தட்டினார். "நாயகம், இம்புட்டுக் கட்டம் எனக்கு எதுக்கு? நான் கேட்டது ஒரு வரி. நம்புதாளா இல்லியா?"

"நம்புதாங்க ஐயா."

"இவரு ஏன் இப்படிச் சுத்திக்கிட்டு வாராரு?" என்றார் தவமணி அண்ணாச்சி. "எல்லாரையும் எழுதினீங்களே, நீங்க எந்தக் கட்டம் சார்?"

இதற்கு நான் தயாரித்துக் கொண்டுபோகவில்லை. என்ன சொன்னேன் என்பதை நினைவில் இருக்கும்வரை எழுதுகிறேன். என் மகள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறது. இந்த ஒன்றரை மாதமாக உங்கள் ஒவ்வொருவரிடமும் அதைப் பற்றித்தான் கேட்டேன், விசாரணை என்று சொல்லிக்கொண்டு. நான் எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஹெப்சிபா டீச்சர் நிற்கிற இடம் கடவுளுக்கு வெளியே இல்லை. அதை எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன். வேறு எதிலும் போட மாட்டேன்.

 பாஸ்டர் பேனாவை வாங்கி எனக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். துரைராஜ் நின்றுகொண்டே போட்டார். தவமணி அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

தாளாளர் அறிக்கையை வாங்கி இழுப்பறையில் வைத்தார். தலைமை ஆசிரியர் பதவிக்கு வெளியிலிருந்து ஆள் பார்ப்பதாகச் சொன்னார். சரிங்க ஐயா என்றேன்.

வயலட்டிடம் சொன்னேன். "அப்ப சாயங்காலம் சீக்கிரம் வந்துருவீங்கள்லா?" என்றாள்.

செப்டம்பர் 21, சனி

காலை 5.40. பெண். இரண்டு கிலோ எழுநூறு. மருமகன் முந்தின நாளே வந்து சேர்ந்துவிட்டார். நன்றாக அழுதாள், நல்ல நிறம். பால் குடிக்க ஆரம்பித்தால் பாதியில் மூச்சு வாங்கி நிறுத்திவிடுகிறாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஞானஸ்நானம். கெசியா என்று பெயர். வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு. தவமணி அண்ணாச்சி வரவில்லை. பாஸ்டர் ஒன்றரை மாதமாகத் தன் பிரசங்கங்களில் நாள் என்ற சொல்லையே தவிர்க்கிறார் என்று துரைராஜ் சொல்லிச் சிரித்தார்.

நவம்பர் 18, திங்கள்

ஹெப்சிபாவுக்கு வேலை நிரந்தரம். பாதகமான அறிக்கை எதுவும் இல்லாததால் தேதி வந்ததும் தானாக ஆகிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஆய்வகத்திலிருந்து ஓடி வந்து சொன்னார். கையெல்லாம் சுண்ணாம்புக் கட்டித் தூள்.

கெசியாவுக்கு எடை ஏறவில்லை.

ஜனவரி 29, புதன்

ஆபரேஷன் பிப்ரவரி நான்காம் தேதி. ஓ நெகட்டிவ் ரத்தம் கொடுக்க இரண்டு பேரைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த வகை இல்லை. பாஸ்டர் கோயிலில் அறிவித்தார். ஹெப்சிபா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். இரண்டாவது ஆள் நாளைக்குள் கிடைக்க வேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டியது தவமணி அண்ணாச்சி. உள்ளே வரவில்லை.

"எனக்கு ஓ நெகட்டிவ். வெள்ளத்தப்ப கூட குடுத்திருக்கேன். எத்தன மணிக்கு வண்டி?"

"அண்ணாச்சி..."

"நான் சொன்னதுல ஒண்ணும் மாறல சார். ஆறு நாள்தான். வண்டி எத்தன மணிக்கு?"

பிப்ரவரி 3, திங்கள்

மதுரை. ஒரே வேனில் எல்லாரும் வந்தோம். கோவில்பட்டி தாண்டியதும் அண்ணாச்சி பின்னால் திரும்பி ஹெப்சிபாவிடம் ஆரம்பித்தார்: சூரியனை நாலாம் நாள்தானே படைத்தார், அப்போ முதல் மூன்று நாளுக்கு வெளிச்சம் ஏது என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஹெப்சிபா, நான் அதைக் கேட்கவே இல்லையே என்றார். விருதுநகர் வரை ஓயவில்லை. இடையில் ஒரு தடவை கெசியா இருமியதும் இரண்டு பேரும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு மெதுவான குரலில் தொடர்ந்தார்கள்.

மூன்று மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வெளியே வந்ததும் அண்ணாச்சி ஹெப்சிபாவுக்கு மாதுளை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்று இருபதுக்கு டாக்டர் வந்தார். நல்லபடியாக முடிந்தது.



பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று காலை வார்டுக்கு மாற்றினார்கள். மருமகன் அறை வாடகை விஷயமாகக் கீழே போயிருந்தார், வயலட் பக்கத்துக் கோயிலுக்கு ஆராதனைக்குப் போயிருந்தாள். நானும் பெர்சிஸும் மட்டும் இருந்தோம். கெசியா தூங்கினாள். நெஞ்சில் நெடுக்காக ஒரு கட்டு. மூச்சு சீராக இருக்கிறது. இரைப்பு இல்லை.

இந்த ஏழு மாதத்தில் பெர்சிஸ் என்னிடம் சேர்ந்தாற்போல் நான்கு வாக்கியம் பேசியதில்லை. இன்று பேசினாள்.

"டாக்டர் ஓட்டைய ஒரு சின்னத் துண்ட வச்சுத் தச்சிருக்காராம்ப்பா. ஆனா அது துண்டாவே இருக்காதாம். ஆறு மாசத்துல இவ சதையே அதுமேல படர்ந்து வளர்ந்து மூடிருமாம். அப்புறம் எது துண்டு எது இவ சதைன்னு கண்ணுல தெரியாதாம்."

"ஆமா, என்கிட்டயும் சொன்னாரு."

"விசாரணைல எல்லார்ட்டயும் கேட்டீங்கள்லா. அம்மா சொன்னா. என்கிட்ட மட்டும் கேக்கல."

உண்மைதான். அவளிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதை இங்கே எழுதலாம்.

"இப்பக் கேளுங்க" என்றாள்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன், பழக்கத்தில். "படைத்தார்னு நம்புதியாம்மா?"

அவள் குழந்தையின் வயிற்றில் கையை வைத்திருந்தாள். கை மூச்சோடு ஏறி இறங்கியது.

"ஏன் எல்லாரும் 'படைத்தார்', 'படைத்தார்'னு முடிஞ்சுபோன மாதிரியே சொல்லுதீங்க? ஆறு நாளுங்குதாக, கோடி வருஷங்குதாக, எல்லாருமே எப்பவோ முடிஞ்ச வேலைக்குச் சண்ட போடுதாக. எனக்கு ஒண்ணும் முடிஞ்ச மாதிரி தெரியலப்பா. இவள இன்னும் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காரு. அந்த டாக்டர் கையையும் எடுத்துக்கிட்டாரு, மூப்பர் ரத்தத்தையும் எடுத்துக்கிட்டாரு. பாதியில விட்டுட்டாரேன்னு நான் எம்புட்டுத் திட்டியிருக்கேன் தெரியுமா அவர? இப்பவும் கோவம் போகல. ஆனா முடிச்சிட்டாருன்னு மட்டும் எழுதிராதீங்க."

அவள் சொன்னதை இங்கே அப்படியே எழுதியிருக்கிறேன். அதற்குக் கட்டம் எதுவும் போடவில்லை.

கெசியா விழித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். பசி. பெர்சிஸ் அவளைத் தூக்கி மடியில் போட்டாள். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், பதினொரு நிமிடம் குடித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வெந்நீர் வாங்க ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.